செகண்ட் ஹேண்ட் பைக்கா, புது பைக்கா? முதல் வண்டி வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

முதல் வண்டி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மாடலில்தான் ஆரம்பிக்கிறார்கள். எந்தக் கம்பெனி, எத்தனை சிசி, என்ன கலர் என்று. அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த வண்டியை எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள்? புதுசா பழசா என்பதில் பாதி முடிவு அதிலேயே வந்துவிடும். மீதிப் பாதி, கையில் முழுப் பணம் இருக்கிறதா, கடன் வாங்க வேண்டுமா என்பதில் இருக்கிறது.

முதலில் கணக்கு

ஒரு 125 சிசி பைக்கை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். புதுசு ஆன்ரோடு (வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து) 1,10,000 ரூபாய். அதே மாடல் நாலு வருஷப் பழசு 60,000. பழசை எடுத்த கையோடு டயர், செயின், பேட்டரி, சர்வீஸ் என்று 10,000 ஆகும் என்று வையுங்கள், ஆக 70,000. (எல்லாம் உதாரணத் தொகைதான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.)

இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு விற்பதாக இருந்தால்: புதுசு சுமார் 75,000-க்குப் போகும். 35,000 நஷ்டம், அதாவது வருஷத்துக்கு 17,500. பழசு அப்போது ஆறு வயது வண்டி, 46,000-க்குப் போகும். 24,000 நஷ்டம், வருஷத்துக்கு 12,000. ரிப்பேருக்குக் கூடுதலாக வருஷம் 2,000 போட்டாலும் 14,000-தான். கல்லூரி முடியும் வரை, டிரான்ஸ்ஃபர் வரும் வரை என்று குறுகிய காலத்துக்கு வண்டி தேடுகிறவர் புதுசு பக்கமே போக வேண்டாம்.

ஐந்து வருஷம் என்றால் நிலைமை மாறுகிறது. புதுசு 53,000-க்கு விற்கும். வருஷச் செலவு 11,400. பழசு ஒன்பது வயதில் 27,000-க்கு விற்கும். வருஷத்துக்கு 8,600, ரிப்பேர் 3,000 சேர்த்தால் 11,600. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கைப்பணம் இருந்தால் இந்த இடத்தில் புதுசே மேல். வாரன்டி இருக்கிறது, ஒர்க்ஷாப்பில் உட்காரும் நேரம் மிச்சம். எட்டு, பத்து வருஷம் ஓட்டப்போகிறவருக்குக் கேள்வியே இல்லை, புதுசுதான். நாலு வருஷப் பழசை வாங்கிப் பத்து வருஷம் ஓட்டினால் அதற்கு 14 வயது ஆகிவிடும், நடுவில் ஒரு முறை இன்ஜின் வேலை வரும், ஆர்.சி.யின் 15 வருஷக் கெடுவும் நெருங்கிவிடும்.

இப்போது கடனைச் சேருங்கள். ஷோரூமில் "பத்து பர்சென்ட்தான் சார்" என்பார்கள். அது பெரும்பாலும் ஃபிளாட் வட்டி. 80,000 ரூபாய்க் கடன், 10% ஃபிளாட், 24 மாதம் என்றால் வட்டி 16,000. மாதத் தவணை 4,000. நீங்கள் மாதா மாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் முழுத் தொகைக்கும் வட்டி ஓடுகிறது. குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது சுமார் 18 சதவீதம். அந்த 16,000-ஐ ஐந்து வருஷத்துக்குப் பங்கிட்டால் வருஷத்துக்கு 3,200. மேலே சமமாக நின்ற கணக்கு உடனே பழசு பக்கம் சாயும்.

இன்னொரு எல்லைக்கோடும் உண்டு. மூன்று, நான்கு வருஷப் பழைய வண்டியின் விலையோடு உடனடி வேலைச் செலவையும் சேர்த்தால், அது புதுசின் ஆன்ரோடு விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டுகிறதா? தாண்டினால் அந்தப் பழசு வேண்டாம். நல்ல மைலேஜ் தருகிற 100, 110 சிசி வண்டிகளுக்குப் பழைய மார்க்கெட்டில் அநியாய விலை சொல்வார்கள். இந்தக் கோடு அங்கே அடிக்கடி உதைக்கும்.

புதுசின் விலைச்சீட்டைப் படிப்பது

ஒப்பிடும்போது எக்ஸ் ஷோரூம் விலையைப் பார்க்கவே கூடாது, ஆன்ரோடைத்தான் பார்க்க வேண்டும். அதற்குள் ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் அடக்கம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஒரு லட்சம் வரை 10 சதவீதமும், அதற்கு மேல் 12 சதவீதமும் ஆயுள் வரி. இன்சூரன்ஸில், 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஐந்து வருஷத் தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு) கட்டாயம். சொந்த சேதத்துக்கான பகுதி ஒரு வருஷத்துக்கு மட்டும் எடுத்தால் போதும். வெளியில் விலை கேட்டு எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

விலைச்சீட்டைப் பிரித்து எழுதி வாங்குங்கள். "ஹேண்ட்லிங்", "லாஜிஸ்டிக்ஸ்", "ஆர்.டி.ஓ. இதர செலவு" என்று வரும் வரிகளில் பேனாவை வைத்து எதற்கு என்று கேளுங்கள், பாதி இடத்தில் அப்போதே குறைப்பார்கள். சாரி கார்டும் பின்சீட்டுக் கைப்பிடியும் சட்டப்படி வண்டியோடு வர வேண்டியவை, ஹெல்மெட்டும் அப்படித்தான். அவற்றை ஆக்சசரீஸ் கணக்கில் விற்றால் கொடுக்க வேண்டியதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. பழைய வண்டி வாங்குகிறவருக்கும் இது முக்கியம். அதற்கு முன் 90,000 எக்ஸ் ஷோரூம் கொடுத்தவர் அந்தப் பில்லைக் காட்டித்தான் விலை சொல்வார். அதே அடக்க விலைக்கு இன்றைய வரியைப் போட்டால் சுமார் 83,000-தான் வரும். பேரம் தொடங்க வேண்டியது இன்றைய விலையிலிருந்து. அவர் கொடுத்த விலையிலிருந்து அல்ல.

பழசு என்றால் எந்த வருஷம்?

வருஷத்தைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று தேதிகள் நினைவிருக்கட்டும்.

2019 ஏப்ரல்: இதிலிருந்து 125 சிசிக்கு மேல் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் தடுப்பது), 125 சிசி வரை குறைந்தபட்சம் காம்பி பிரேக் (இரண்டு சக்கரத்துக்கும் சேர்ந்து பிடிப்பது) கட்டாயம். மழையில் புதிதாக ஓட்டப் பழகுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

2020 ஏப்ரல்: பி.எஸ்.6 என்ற புகை விதி. இதிலிருந்து ஏறக்குறைய எல்லா வண்டியும் கார்பரேட்டர் போய் எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) ஆகிவிட்டது. காலையில் சோக் இழுக்கிற வேலை இல்லை. ஆனால் சென்சார், ஃபியூயல் பம்ப் கெட்டால் எல்லாத் தெருமுனை மெக்கானிக்காலும் சரிசெய்துவிட முடியாது. அதற்கு முன் வந்தவை பெரும்பாலும் பி.எஸ்.4 கார்பரேட்டர் வண்டிகள். எங்கும் ரிப்பேர் ஆகும், உதிரி பாகமும் மலிவு.

2023 ஏப்ரல்: இதற்குப் பிறகு தயாரானவை 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைத் தாங்கும் ரப்பர், கேஸ்கெட்டுகளோடு வருகின்றன. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் இ20-தான். அதற்கு முந்தைய வண்டி உடனே கெட்டுவிடாது. மைலேஜ் கொஞ்சம் குறையும், ரப்பர் குழாய்களைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற பழைய வண்டியின் டேங்கில் துரு பிடித்திருக்கலாம். டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே லைட் படும்படி மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். பழுப்புப் பொடி தெரிந்தால் எஃப்.ஐ. வண்டியில் பம்ப், இன்ஜெக்டர் செலவு காத்திருக்கிறது என்று அர்த்தம்.

முதல் வண்டிக்கு எங்கள் சிபாரிசு: 2020-க்குப் பிந்தைய, 100 முதல் 125 சிசி, சிங்கிள் ஓனர், 40,000 கிலோமீட்டருக்குள். 150-க்கு மேல் உள்ள ஸ்போர்ட்ஸ் ரகங்களைப் பழசில் வாங்கினால், முன்னவர் எப்படி ஓட்டினார் என்பதையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும் முன் பேப்பர்

இன்ஜினில் கோளாறு இருந்தால் காசு கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். பேப்பரில் கோளாறு இருந்தால் காசு கொடுத்தும் தீராது. அதனால் வண்டி நம்பரை ஃபோனிலேயே கேட்டு வாங்கி, எம்பரிவாகன் ஆப்பிலோ பரிவாகன் தளத்திலோ போட்டுப் பாருங்கள். நம்பர் தரத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

அங்கே பார்க்க வேண்டியவை: பதிவுத் தேதி, ஆர்.சி. எதுவரை செல்லும், இன்சூரன்ஸ், புகைச் சான்று, பைனான்ஸ் நிலுவை. ஓனர் பெயர் பாதி மறைத்துத்தான் வரும். எதிரில் பேசுகிறவர் பெயரோடு முதல் எழுத்துகள் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இ-செலான் பக்கத்தில் அபராத பாக்கி இருக்கிறதா என்றும் தேடுங்கள். பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் நின்றுவிடும்; கட்ட வேண்டியது விற்பவர்.

பைனான்ஸ் இருந்தால் "கடன் எல்லாம் முடிஞ்சது சார், பேங்க்ல லெட்டர் வாங்கலை" என்பார்கள். பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), கடன் பதிவை நீக்கக் கையெழுத்தான ஃபார்ம் 35-உம் கையில் வராமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் (கடன் அடமானக் குறிப்பு) நீங்காமல் வண்டி உங்கள் பெயருக்கு வராது.

ஓனர் இறந்துபோய், மகனோ மனைவியோ விற்கிறார் என்றால், ஃபார்ம் 31 கொடுத்து வண்டி முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும். பிறகுதான் அவர் உங்களுக்கு விற்க முடியும். நல்ல குடும்பத்து வண்டி, கம்மி கிலோமீட்டர் என்று ஆசையாக இருக்கும். பெயர் மாறும் வரை பொறுங்கள்.

கர்நாடகா பதிவு, புதுச்சேரி பதிவு வண்டிகள் இங்கே ஐந்து, பத்தாயிரம் குறைவாகக் கிடைக்கும். காரணம் உண்டு. அந்த மாநில ஆர்.டி.ஓ.விடம் ஃபார்ம் 28-இல் என்.ஓ.சி. வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரியைக் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திருப்பி வாங்க அலைய வேண்டும். ஓசூரிலும் விழுப்புரத்திலும் "அப்படியே ஓட்டிக்கலாம்" என்று சொல்கிறவர்கள் நிறைய. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்து ஓட்டினால் மறுபதிவு கட்டாயம் என்பதுதான் சட்டம். முதல் வண்டிக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

ஆன்லைன் விளம்பரத்தில் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, வண்டி பார்சலில் வருகிறது, முன்பணம் போடுங்கள் என்று ஒருவர் பேசினால் அது மோசடி. வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாயும் போகக் கூடாது.

நேரில் சோதிப்பது

"வரும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்" என்று முன்னமே சொல்லிவிட்டு, பகல் வெளிச்சத்தில் போங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஒரு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிடலாம். சூடான இன்ஜின் பல குறைகளை மறைக்கும்.

சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். எஃப்.ஐ. வண்டியில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. ஆன் செய்தபோது எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம்: கோளாறை மறைக்க யாரோ விளக்கைக் கழற்றியிருக்கலாம். ஏ.பி.எஸ். விளக்கு ஆன் செய்ததும் எரிந்து, வண்டி கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் அணையும். நிற்கும்போதே அணைந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். முதல் சில நொடி வெள்ளையாக வருவது நீராவி, பயமில்லை. ஸ்டார்ட் ஆன உடனே நீலப் புகை ஒரு தள்ளு தள்ளி நின்றுவிட்டால் வால்வு சீல் போயிருக்கிறது. முறுக்கும்போதெல்லாம் நீலமாகத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. பிளாக் பிஸ்டன் மாற்ற வேண்டும், 125 சிசிக்கு கூலியோடு ஐந்தாயிரத்துக்குக் குறையாது. கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் எரிவது, இது சின்ன வேலை.

ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடட்டும். "டக் டக்" என்று சீராக வரும் மெல்லிய சத்தம் டேப்பட் (வால்வு இடைவெளி). அட்ஜஸ்ட் செய்தால் போகும். பக்கவாட்டில் செயின் உரசுவது போல் "கரகர" என்று வந்தால் டைமிங் செயின் அல்லது டென்ஷனர். அடியிலிருந்து கனமாக இடிப்பது போல் வந்தால் கிராங்க் பேரிங், அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பிறகு இன்ஜினை அணைத்து ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். கறுப்பு ஆயில் பரவாயில்லை. பால் டீ நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூழ்கிய வண்டிகள் ஏராளம். கழுவி, பாலிஷ் போட்டு, வெளி மாவட்டங்களில் விற்றுவிடுவார்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து மூலையில் விரல் விட்டுப் பாருங்கள், நெருநெருவென்று வண்டல் ஒட்டும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள், ஒயரிங் சாக்கெட்டின் உள்பின்கள் பச்சை பூத்திருக்கும். ஹெட்லைட் டூமின் உள்ளே கோடு போட்டதுபோல் நீர்த்தடம் இருக்கும்.

அடுத்து, வண்டி அடிபட்டதா என்று பார்க்க வேண்டும். புது பெயின்டும் புது ஸ்டிக்கரும் இதைச் சொல்லாது. ஹேண்டில்பாரை முழுதாக ஒரு பக்கம் திருப்பினால் ஃபோர்க் போய் இடித்து நிற்கும் சின்ன இரும்பு முட்டு ஒன்று சேசிஸ் கழுத்தில் தெரியும். முன்பக்கம் பலமாக மோதிய வண்டியில் அந்த முட்டு நசுங்கியிருக்கும், அல்லது அங்கு மட்டும் வெல்டிங்கும் புது பெயின்டும் இருக்கும். டிங்கரிங் செய்கிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் அது. பிறகு வண்டிக்கு நான்கு அடி பின்னால் தள்ளி நின்று, குனிந்து பின் டயரின் நேரே முன் டயரைப் பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் சேசிஸோ ஸ்விங் ஆர்மோ வளைந்திருக்கிறது. பேரமே பேச வேண்டாம்.

சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவர் அழுத்த, முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல் நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் ஆடுகிறதா பாருங்கள். ஃபோர்க் பைப்பைச் சுற்றி எண்ணெய் வளையம் இருந்தால் ஆயில் சீல். ஸ்விங் ஆர்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டில் வைத்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள், பல் தெரிகிற அளவுக்குத் தூக்கினால் செயின் செட் மாற்ற வேண்டும்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் (டயரின் மேல் உள்ள வெட்டுகள்) இருந்தாலும் ஆறு வருஷத்துக்கு மேலான டயர் இறுகி, மழையில் வழுக்கும். வண்டி 2021, டயர் இன்னும் ஒரிஜினல், ஆனால் மீட்டர் 12,000 மட்டும் காட்டுகிறது, பட்டனோ வழுவழு: இதில் ஏதோ பொய். மீட்டரைத் திருப்புவது டிஜிட்டலிலும் நடக்கிறது. கால் மிதி ரப்பர், கைப்பிடி ரப்பர், டிஸ்க் விளிம்பின் தேய்மானம், இவை மீட்டரோடு ஒத்துப்போக வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொன்னால் கடைசியாக வந்தபோது எத்தனை கிலோமீட்டர் என்று பெரும்பாலும் சொல்வார்கள்.

சேசிஸ் நம்பர் பைக்குகளில் கழுத்துப் பகுதியில், ஸ்கூட்டர்களில் கால் வைக்கும் ஃபுட்மேட்டுக்கு அடியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும். ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தால், எழுத்துகளைத் தேய்த்து மாற்றி அடித்திருந்தாலும் தெரிந்துவிடும். இரண்டு சாவியும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்று மட்டும் என்றால் காரணம் கேளுங்கள்.

சைலன்சரும் ஒரிஜினலா பாருங்கள். பி.எஸ்.6 வண்டியில் பெரும்பாலும் அதற்குள்தான் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். சத்தத்துக்காக மாற்றியவர் பழையதைத் தூக்கிப் போட்டிருந்தால், திரும்ப வாங்குவது பெரிய செலவு.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் மட்டும், உங்கள் லைசென்ஸோடு, குறைந்தது 15 நிமிடம். வேகத்தடை உள்ள தெருவாகத் தேடுங்கள். ஏறி இறங்கும்போது முன்னால் "டொக்" என்றால் ஃபோர்க் அல்லது கோன் செட். நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே சட்டென்று முறுக்குங்கள். இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. இரண்டாவது கியர் தானாக நியூட்ரலுக்கு நழுவினால் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டியிருக்கும், அந்த வண்டி வேண்டாம். காலியான நேர்ச்சாலையில் ஹேண்டிலை லேசாகப் பிடித்து ஓட்டுங்கள், ஒரு பக்கம் இழுக்கக் கூடாது.

ஸ்கூட்டராக இருந்தால் கியர், செயின் கிடையாது. அதற்குப் பதில் பெல்ட். நின்ற நிலையிலிருந்து முறுக்கும்போது உதறினால் கிளட்ச் அல்லது ரோலர். 20,000-25,000 கிலோமீட்டரில் பெல்ட் மாற்றியிருக்க வேண்டும். பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

மின்சார ஸ்கூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை: அதன் விலையில் பெரும்பங்கு பேட்டரிதான். பேட்டரி வாரன்டி எத்தனை வருஷம் பாக்கி, அது அடுத்த ஓனருக்கு மாறுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு, இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால் மட்டும் பழசை எடுங்கள். இல்லாவிட்டால் புதுசு.

விலை பேசுவது

பார்த்த குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தொகை போடுங்கள். 125 சிசி பைக்குக்கு உத்தேசமாக: டயர் ஜோடி 3,500 முதல் 4,500, செயின் செட் 1,000 முதல் 1,800, பேட்டரி 1,100 முதல் 1,600, கிளட்ச் பிளேட் கூலியோடு 1,000 முதல் 1,800, ஃபோர்க் சீல் 600 முதல் 1,000. "ரொம்ப ஜாஸ்தி சொல்றீங்க" என்பதைவிட இந்தத் தாளை நீட்டுவது பலன் தரும். மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போனால் அவருக்கு 300, 500 கொடுங்கள். ஆனால் விற்பவரோ கன்சல்டிங்காரரோ (பழைய வண்டி வாங்கி விற்கும் கடைக்காரர்) சிபாரிசு செய்யும் மெக்கானிக்காக இருக்கக் கூடாது.

இன்சூரன்ஸ் பாலிசியில் உள்ள ஐ.டி.வி. (வண்டிக்குக் கம்பெனி போட்ட மதிப்பு) தொகையும் ஒரு அளவுகோல். விதிப்படி அது மூன்றாவது வருஷத்தில் 30 சதவீதமும், நான்காவதில் 40 சதவீதமும், ஐந்தாவதில் 50 சதவீதமும் தேய்மானம் கழித்து வருவது. நல்ல வண்டி அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் போகும். ரொம்பக் கூடினால் நீங்கள் கூடக் கொடுக்கிறீர்கள்.

கன்சல்டிங் கடையில் வாங்கினால் ஐந்து முதல் எட்டாயிரம் அவர்கள் லாபம் என்று வையுங்கள். பதிலுக்குப் பெயர் மாற்றிக் கொடுக்கும் வேலையை அவர்கள் பார்ப்பார்கள். "மூன்று மாத இன்ஜின் கேரன்டி" என்று வாயால் சொல்வதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

பணமும் பெயர் மாற்றமும்

பணம் ஆர்.சி.யில் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். தம்பி கணக்கு, புரோக்கர் கணக்கு வேண்டாம். பெயர் மாறும் வரை ஐந்தாயிரத்தை நிறுத்தி வைப்பது ஊர் வழக்கம்தான், கூச்சப்படாமல் கேளுங்கள்.

வாங்கும் நாளில் கையில் வர வேண்டியவை: ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, விற்பவர் கையெழுத்திட்ட பெயர் மாற்றப் படிவங்கள் (ஃபார்ம் 29 இரண்டு பிரதி, ஃபார்ம் 30), அவரது ஆதார் நகல், இரண்டு சாவி. கூடவே டெலிவரி நோட்: வண்டி நம்பர், தொகை, தேதி, மணி, அதுவரை நடந்தவற்றுக்கு விற்பவரே பொறுப்பு என்ற வரி, இருவர் கையெழுத்து. மணியையும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. காலையில் அந்த வண்டி சிக்னலை மீறியிருந்தால் அபராதம் யார் தலையில் என்பதை அதுதான் தீர்க்கும்.

தேதி போடாத ஃபார்மில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டுவது இங்கே பரவலான பழக்கம். விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. விற்பவருக்கு இதை எடுத்துச் சொன்னால் அவரே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட வருவார். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் டூவீலருக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். புரோக்கர் இரண்டாயிரம், மூவாயிரம் கேட்பது அலைச்சலுக்கான கூலி. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். தேர்ட் பார்ட்டி பகுதி வண்டியோடு வந்துவிடும். சொந்த சேதத்துக்கான பகுதி அப்படி வராது. பழைய ஓனர் பெயரில் இருக்கும்போது வண்டி இடிபட்டால் கிளெய்ம் மறுக்கப்படும். அவருடைய நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) அவருக்கே சொந்தம், உங்களுக்கு வராது. அதனால் புதுப்பிக்கும்போது பிரீமியம் கொஞ்சம் கூடத் தெரியும்.

புதுசு எடுக்கிறவர்கள் டெலிவரி அன்று பூஜை போடும் அவசரத்தில் சில விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். இன்வாய்ஸில் உள்ள சேசிஸ் நம்பரை வண்டியில் பாருங்கள். தயாரான மாதம் ஆறு மாதத்துக்கு மேல் பழையதா என்று கேளுங்கள். ஜனவரியில் எடுத்த வண்டி முந்தைய வருஷத் தயாரிப்பாக இருந்தால் விற்கும்போது ஒரு வயது கூடுதலாகவே விலை போகும், அதற்கான தள்ளுபடியை இப்போதே வாங்க வேண்டும். மீட்டர் ஐந்து, பத்து கிலோமீட்டருக்கு மேல் காட்டக் கூடாது. நம்பர் பிளேட் மாட்டாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். முதல் இலவச சர்வீஸைக் கையேட்டில் போட்ட நாளையோ கிலோமீட்டரையோ தாண்டவிட்டால், பின்னால் வாரன்டி கேட்கும்போது அதையே காரணமாகச் சொல்வார்கள்.

பழசு எடுத்தவர் முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் ஆயில் நான்கையும் மாற்றிவிடுங்கள். முன்னவர் "இப்பதான் மாத்தினேன்" என்று சொன்னாலும். பிரேக் ஷூவையும் பேடையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றிய தேதியையும் மீட்டர் எண்ணையும் பில்லின் பின்னால் எழுதி, சீட்டுக்கு அடியில் உள்ள பேப்பர் கவரில் போட்டு வையுங்கள். நீங்கள் விற்கும் நாளில் அந்தக் கவரைக் காட்டி இரண்டாயிரம் கூடக் கேட்கலாம்.